மருத்துவமனை அலுவலகப் பணியாளர்களின் உடல்நலமும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில் யாருக்கானது?

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு எழுதுபவர், டோக்கன் கொடுப்பவர், பில்லிங் கவுண்டரில் பணம் வாங்குபவர், காப்பீட்டு மேசையில் ஆவணங்களைப் பதிவேற்றுபவர், ரெக்கார்டு ரூமில் கேஸ் ஷீட்டுகளை அடுக்குபவர், டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்பவர், வார்டு கிளார்க், பி.ஆர்.ஓ. ஆகியோருக்கானது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, இரண்டு அறைகள் மட்டுமே உள்ள சிறிய கிளினிக் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஏனெனில் இங்கே சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் அவர்கள் கையெழுத்திட்டால்தான் நடக்கும்.

நாங்கள் ஊசி போடுவதில்லை, காயத்துக்குக் கட்டுப் போடுவதில்லை. எங்களுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதலில் பேசுவது உங்களிடம்தான். அப்போது அவருக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. வார்டில் இருக்கும் செவிலியருக்கு, படுக்கையில் இருப்பவர் காசநோயாளி என்று கேஸ் ஷீட் சொல்லிவிடுகிறது. அதற்கேற்ற முகக்கவசமும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அதே நோயாளி சில நாள்களுக்கு முன் உங்கள் கவுண்டரில் குனிந்து இருமிக்கொண்டே பெயரும் வயதும் சொன்னபோது, உங்களிடம் எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தக் கவசமும் இல்லை. மருத்துவமனைப் பாதுகாப்புத் திட்டங்கள் பெரும்பாலும் சிகிச்சை அளிப்பவர்களை மையமாக வைத்தே எழுதப்படுவதால், இந்த முதல் சந்திப்பு அவற்றில் விடுபட்டுப் போகிறது. நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் வருடாந்திரப் பயிற்சிக்கு அழைக்கப்படுவோர் பட்டியலில் வரவேற்பு மேசையும் பில்லிங்கும் இல்லையென்றால், அந்தப் பட்டியல் முழுமையற்றது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

தொற்றைத் தவிர வேறு ஆபத்துகளும் உண்டு: கோபத்தோடு வரும் உறவினர், நாள் முழுவதும் கணினி முன் உட்காரும் உடம்பு, காகிதம் நிறைந்த அறையில் பற்றும் தீ. அவற்றையும் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இருமலோடு வருபவர்களிடமிருந்து கவுண்டரில் இருப்பவர் எப்படித் தற்காத்துக்கொள்வது?

முதலில் காற்றைப் பாருங்கள். காசநோய்க் கிருமி, நோயாளி இருமும்போது மிக நுண்ணிய துளிகளாக வெளிவந்து காற்றில் நெடுநேரம் மிதக்கக்கூடியது. தட்டம்மைக் கிருமியோ, நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் தங்கியிருக்கும். எனவே அறைக்குள் வெளிக்காற்று வருகிறதா, உள்காற்று வெளியேறுகிறதா என்பதே முதல் கேள்வி. ஸ்பிளிட் ஏ.சி. குளிர்ச்சியைத் தரும், ஆனால் அது அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது, புதிய காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஜன்னல்களையெல்லாம் அடைத்து ஏ.சி. போட்ட காத்திருப்புக் கூடம் பார்ப்பதற்கு வசதியாகத் தோன்றினாலும், தொற்றின் கோணத்தில் பார்த்தால் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கும் பழைய கட்டடத்து வராந்தாவே மேல்.

அடுத்தது மின்விசிறி. இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் கவனிப்பவர் குறைவு. விசிறிக் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து கிளம்பி, நோயாளியைக் கடந்து, ஜன்னல் அல்லது வாசல் வழியே வெளியேறும்படி இருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் பக்கமிருந்து உங்கள் முகத்தை நோக்கி வீசும் விசிறி, அறையில் உள்ள அத்தனை பேரின் மூச்சையும் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். நாற்காலியையும் விசிறியையும் இடம் மாற்றி வைத்தாலே பல கவுண்டர்களில் நிலைமை மேம்பட்டுவிடும்.

மூன்றாவது, வரிசை. "எத்தனை நாளா இருமல் இருக்கு?" என்ற ஒரு கேள்வியைச் சீட்டு எழுதும்போதே கேட்டு, இரண்டு வாரமோ அதற்கு மேலோ என்று பதில் வந்தால் அவருக்கு ஒரு முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமான தனி இடத்தில் உட்காரவைத்து, மருத்துவரிடம் முன்னதாக அனுப்பிவிடுவது நல்லது. மற்றவர்கள் முறைப்பார்கள்; "முன்னாடி போனா மத்தவங்களுக்கும் நல்லதுதாங்க" என்று சொன்னால் பெரும்பாலானோர் புரிந்துகொள்கிறார்கள்.

கவுண்டரில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அது போதாதா?

போதாது. கண்ணாடியும் அக்ரிலிக் தடுப்பும் நேராகத் தெறிக்கும் எச்சில் துளிகளைத் தடுக்கும். மிதந்து வரும் நுண்துளிகளைத் தடுக்கா. பேசுவதற்கென்று வாய் உயரத்தில் வட்டத் துளை வைத்த தடுப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. காது சரியாகக் கேட்காததால் நோயாளி அந்தத் துளைக்குள் முகத்தை நுழைத்துப் பேசுவார், நீங்களும் காதை அருகே கொண்டுபோவீர்கள். இருவருக்கும் இடையே இருந்த தூரம் கண்ணாடி வந்த பிறகு குறைந்துவிடும். துளையை அடைத்துவிட்டுச் சிறிய மைக்கும் ஸ்பீக்கரும் பொருத்துவது, சீட்டையும் பணத்தையும் கீழ்ப்பக்க இடைவெளி வழியாக வாங்குவது ஆகிய இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் தடுப்பினால் பயன் உண்டு.

எந்த முகக்கவசம்?

நோயாளிகளை நேருக்கு நேர் சந்திக்கும் கவுண்டரில், காய்ச்சலும் இருமலும் பரவியிருக்கும் மாதங்களில் மூன்று அடுக்கு அறுவைசிகிச்சை முகக்கவசம் அணியலாம். காசநோய்ப் பிரிவு, நெஞ்சக நோய்ப் பிரிவு ஆகியவற்றின் பதிவு மேசையில் இருப்பவர், மிதக்கும் நுண்துளிகளையும் வடிகட்டும் என்95 வகையையே கேட்டு வாங்க வேண்டும். அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் பயனில்லை. துணிக் கவசம் இந்த இடங்களுக்கு ஏற்றதல்ல.

சளி, சிறுநீர் மாதிரி டப்பாக்களைச் சிலர் எங்கள் மேசையில் வைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் மேல் தவறில்லை. டப்பாவை எங்கே கொடுப்பது என்று யாரும் சொல்லாததால், முதலில் கண்ணில் படும் மேசையில் வைக்கிறார்கள். ஆய்வகத்துக்குப் போகும் வழியை அம்புக்குறியோடு தரையிலேயே வரைந்து, கவுண்டருக்கு வெளியே "மாதிரிகளை இங்கே வைக்கவும்" என்று ஒரு தட்டை வைத்தால் பெரும்பகுதி குறைந்துவிடும். டப்பாவை நீங்கள் கையால் நகர்த்த வேண்டாம். கொண்டுவந்தவரையே எடுக்கச் சொல்லுங்கள். மேசையில் சிந்திவிட்டால், அல்லது கேஸ் ஷீட்டில் இரத்தக்கறை ஈரமாக இருந்தால், துப்புரவுப் பணியாளரை அழைத்து ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினிக் கரைசலால் சுத்தம் செய்யவைக்க வேண்டும். கையில் கிடைத்த பழைய துணியால் நீங்களே துடைத்துவிட்டு வேலையைத் தொடர வேண்டாம்.

இதனோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாக்கில் விரலைத் தொட்டு ரூபாய் நோட்டு எண்ணுவதும் கேஸ் ஷீட்டின் பக்கங்களைப் புரட்டுவதும் நம் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. மருத்துவமனையில் இது நேரடியாக வாய்க்குள் கிருமியைக் கொண்டுபோகும் வழி. தபால் நிலையங்களிலும் வங்கிகளிலும் பயன்படுத்தும் ஈரப் பஞ்சுக் கிண்ணம் ஒன்றை ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடுங்கள். அதே மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதையும் நிறுத்த வேண்டும். ஆனால் சாப்பிட வேறு இடம் கொடுக்காமல் இதைப் பணியாளரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அலுவலகப் பணியாளருக்கு ஊசி குத்துமா? குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

குத்தும். வார்டு மேசையில் கிடக்கும் காகிதக் கட்டுக்குள், சாதாரணக் குப்பைக் கூடையில், படுக்கை விரிப்பின் மடிப்பில், ஆய்வகச் சீட்டோடு ஒட்டிக்கொண்டு என்று எதிர்பாராத இடங்களில் ஊசி இருப்பதுண்டு. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசி போன்ற கூரிய பொருள்கள் துளைக்க முடியாத வெள்ளை நிறக் கொள்கலனில்தான் போடப்பட வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகியவை மற்றக் கழிவுகளுக்கு. இந்த நிறங்களை அலுவலகப் பணியாளரும் அறிந்திருப்பது அவசியம். கால்விரல் தெரியும் செருப்புக்குப் பதிலாக மூடிய காலணி அணிவதும் இதனால்தான்.

குத்திய இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் வரவேண்டும் என்று அழுத்திப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊற்றாதீர்கள். கண்ணில் இரத்தம் தெறித்திருந்தால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். அதன்பின் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக்கூடாது: அவசரப் பிரிவு மருத்துவரிடமோ நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடமோ உடனே போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் தொடங்குவதில் பயனில்லை. தொடங்கினால் 28 நாள்கள் விடாமல் எடுக்க வேண்டும்.

ஆபத்தின் அளவைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 1000க்கு ஏறத்தாழ 3. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதவரிடம் 100க்கு 6 முதல் 30 வரை தொற்றக்கூடியது. மக்கள் முன்னதற்கே அஞ்சுகிறார்கள்; பின்னதுதான் பலமடங்கு எளிதாகத் தொற்றுவது, அதற்கோ நல்ல தடுப்பூசியும் இருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஊசி குத்தினால் தடுப்பூசியோடு, ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.

அப்படியானால் எந்தத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும்?

வேலையில் சேர்ந்தவுடன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. டெட்டனஸ், ஆண்டுக்கொரு முறை இன்ஃபுளுவென்சா, சிறுவயதில் அம்மை வராத, அதற்கான தடுப்பூசியும் போடாதவர்களுக்குத் தட்டம்மை–ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். கடைசியில் சொன்னவை உயிருள்ள கிருமியால் செய்யப்பட்டவை என்பதால் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. திருமணத்துக்கு முன்பே இதை முடித்துவைப்பது நல்லது.

கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாள்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனையும் கட்டாயம் என்கின்றன. அலுவலகப் பணியாளர் இந்த வரையறைக்குள் நேரடியாக வராதபோதும், மருத்துவமனை தன் செலவில் அவர்களுக்கும் போடலாம், போட வேண்டும். மூன்று தவணையின் விலை ஒரு பணியாளரின் ஒரு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கத்துகிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள், சில நேரம் கை ஓங்குகிறார்கள். இதை எப்படிச் சமாளிப்பது?

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில், நோயாளி ஒருவரின் மகன் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார். தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. பில்லிங் கவுண்டரில் பணியாளரின் கன்னத்தில் விழும் அறையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கோபம் சேர்வது பல நேரங்களில் கவுண்டரில்தான். படுக்கை காலி இல்லை, காப்பீட்டு ஒப்புதல் இன்னும் வரவில்லை, முன்பணம் கட்டினால்தான் ஸ்கேன், டிஸ்சார்ஜ் மாலைதான் என்று மருத்துவரோ நிர்வாகமோ காப்பீட்டு நிறுவனமோ எடுத்த முடிவுகளையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் வேலை அலுவலகப் பணியாளருடையது. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, திட்டு மட்டும் அவருக்கு.

ஆகவே முதல் தீர்வு பணியாளரின் பேச்சுத் திறமையில் இல்லை, நிர்வாகத்தின் நடைமுறையில் இருக்கிறது. சேர்க்கும்போதே உத்தேசச் செலவை எழுதிக் கொடுப்பது, ஒவ்வொரு நாளும் அதுவரையான பில் தொகையை உறவினருக்குச் சொல்வது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சை அடங்கும், எது அடங்காது என்பதைத் தொடக்கத்திலேயே விளக்குவது ஆகிய மூன்றும் கடைசி நாள் சண்டையைப் பெருமளவு தவிர்க்கும். பில் பாக்கிக்காக உடலைத் தர மறுப்பது எல்லாவற்றிலும் கொடிய நடைமுறை. பணத் தகராறைக் காரணம் காட்டி இறந்தவரின் உடலை நிறுத்திவைக்கக்கூடாது என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் தெளிவாகச் சொல்கிறது. துக்கத்தில் நிற்கும் குடும்பத்திடம் இந்தச் செய்தியைச் சொல்ல ஓர் இளம் பணியாளரை அனுப்புவது, அந்தக் குடும்பத்துக்கும் பணியாளருக்கும் ஒருசேர இழைக்கும் தீங்கு. அப்படிச் சொல்லச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இடத்தையும் சரிசெய்ய வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் இன்னொரு வாசல் இருக்க வேண்டும். ஒரே வழியுள்ள கவுண்டரில் மாட்டிக்கொண்டவர் தப்பிக்க முடியாது. கத்தரிக்கோல், கண்ணாடிக் காகித எடை, பில் குத்தி வைக்கும் கம்பி ஆகியவை எதிரில் நிற்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இரவில் தனியாக ஒருவர் பணத்தோடு உட்காரக்கூடாது. மேசைக்கு அடியில் ஓர் எச்சரிக்கை மணிப் பொத்தான் வைத்தால், அதை அழுத்தியதும் யார், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதையும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

பேசும்போது, "சத்தம் போடாதீங்க" என்று தொடங்காதீர்கள். அது எரியும் இடத்தில் எண்ணெய் ஊற்றும். முடிந்தால் எழுந்து நில்லுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், நேரத்தோடு கூடிய ஒரு வாக்குறுதியைக் கொடுங்கள்: "அண்ணே, அப்ரூவல் இன்னும் வரல. நாலு மணிக்கு நானே மறுபடியும் போன் பண்ணிக் கேட்டுட்டு, உங்ககிட்ட வந்து சொல்றேன்." சொன்னபடி நாலு மணிக்குப் போய்ச் சொல்லுங்கள், ஒப்புதல் வராவிட்டாலும். ஆனால் குடித்திருப்பவர், கையில் பொருளை எடுத்தவர், கவுண்டருக்குள் நுழைய முயல்பவர் ஆகியோரிடம் பேச்சைத் தொடராதீர்கள். பின்வாசல் வழியே வெளியேறிப் பாதுகாவலரையும் 112ஐயும் அழையுங்கள். பணப்பெட்டியைக் காப்பது உங்கள் வேலை அல்ல.

தாக்குதல் நடந்துவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவ நிறுவனங்களின் சொத்துகள் மீதும் நிகழும் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதன்படி குற்றவாளிக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சட்டம் மருத்துவர், செவிலியர் ஆகியோரை முன்னிறுத்தி எழுதப்பட்டது என்பதால், அலுவலகப் பணியாளர் புகார் எழுதும்போது எந்த மருத்துவமனையில், எந்தப் பிரிவில், எந்தப் பணியின் நடுவே தாக்கப்பட்டார், கண்ணாடியோ கணினியோ உடைந்ததா என்பதையெல்லாம் விரிவாக எழுதுவது நல்லது. காயத்தை அதே மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியவைத்து நகல் வாங்குங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவு அழியும் முன் எடுத்துவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதை அடுத்து, 2024 ஆகஸ்ட் 16 அன்று ஒன்றிய சுகாதாரத் துறை, பணியிலிருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும் பொறுப்பு நிறுவனத் தலைவருடையது என்று ஒன்றிய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. மற்ற மருத்துவமனைகளும் இதைத் தங்கள் விதியாக்கிக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். அடிபட்டவரே காவல் நிலையத்துக்கு அலைந்து, "சமாதானமாப் போயிடும்மா" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பும் நிலை மாற இதுவே வழி.

நோயாளியின் உறவினரோ, மருத்துவரோ, மேலாளரோ பாலியல் தொல்லை கொடுத்தால்?

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், பணியிடம் என்பதன் வரையறையில் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான கிளினிக்கில் வேலை செய்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ விடுப்போ கேட்கலாம். தொல்லை கொடுத்தவர் வெளியாள் என்றாலும் வேலையளிப்பவரின் பொறுப்பு குறையாது. பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண்களைக் காப்பது அவர் கடமை என்று சட்டம் சொல்கிறது.

கழுத்து, மணிக்கட்டு, கண் மூன்றும் வலிக்கின்றன.

வலி தொடர்ந்தால் நாற்காலியையும் மேசையையும் சரிசெய்யாமல் மருந்து மட்டும் போடுவதில் பயனில்லை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருக்க வேண்டும். முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் ஒரு சிறிய பலகை போடுங்கள். நின்றுகொண்டிருக்கும் நோயாளியின் உயரத்துக்காகக் கட்டிய கவுண்டர் மேடையில் விசைப்பலகையை வைத்துத் தட்டச்சு செய்பவருக்குத் தோள் எப்போதும் தூக்கியே இருக்கும். விசைப்பலகைக்கு ஒரு தாழ்ந்த தட்டு அடித்துக் கொடுக்கத் தச்சருக்கு அரைநாள் வேலைதான். டிஸ்சார்ஜ் சம்மரி அடிப்பவர் கேஸ் ஷீட்டை மேசையில் படுக்கவைத்துக் குனிந்து பார்க்காமல், திரைக்குப் பக்கத்தில் நிற்கவைக்க ஒரு தாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப் போய், குறிப்பாக இரவில் எழுப்பிவிடுகிற அளவுக்கு வலித்தால் மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால்தான் கண் உலர்ந்து எரிகிறது.

ரெக்கார்டு ரூமில் வேலை. தூசியும் பூஞ்சை வாடையும் தாங்க முடியவில்லை.

இந்த அறையைப் பல இடங்களில் தரைக்கடியிலோ படிக்கட்டுக்கு அடியிலோ ஒதுக்கியிருக்கிறார்கள். ஈரமும் காகிதமும் சேர்ந்தால் பூஞ்சை வரும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டும். பழைய கட்டுகளைப் பிரிக்கும்போது என்95 அணியுங்கள், உலர் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், வெளியேற்று விசிறி கேளுங்கள். கனமான கட்டுகள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட அடுக்கில் இருக்கட்டும். உச்சி அடுக்குக்கு உறுதியான ஏணி வேண்டும். சுழல் நாற்காலி மேல் ஏறுவது கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வந்ததுபோல வெள்ளநீர் புகுந்த அறைக்குள் வெறுங்காலோடு இறங்காதீர்கள்; எலியின் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரலாம். இறங்க நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லித் தடுப்பு மருந்து கேளுங்கள்.

சுமையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கின்றன. காவல்துறை, நீதிமன்ற வழக்கு தொடர்பானவற்றையும் சட்டப்படி நீண்டகாலம் வைக்க வேண்டியவற்றையும் தனியே பிரித்துவிட்டு, மற்றவற்றை நிர்வாகத்தின் எழுத்து ஒப்புதலோடு முறைப்படி அழித்தால் அறையில் நடக்க இடம் கிடைக்கும், எரிவதற்கும் குறைவாகவே இருக்கும்.

தீ விபத்தில் அலுவலகப் பணியாளரின் பங்கு என்ன?

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பற்றிய தீயில், ஒரு குழந்தை உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். லிப்டுக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏறத்தாழ 90 பேர் இறந்த தீ, பொருள்களைக் குவித்து வைத்திருந்த அடித்தளத்தில் தொடங்கியது. பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, மேல்மாடிகளுக்கு ஏறிய புகை.

வரவேற்பு மேசையில்தான் தொலைபேசியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் இருக்கிறது. 101ஐ அழைப்பது, எந்தத் தளத்தில் தீ என்று அறிவிப்பது, லிப்டில் யாரும் ஏறாமல் தடுப்பது, உள்நோயாளிப் பட்டியலைத் தீயணைப்பு வீரரிடம் கொடுப்பது ஆகிய நான்கும் அங்கே இருப்பவரின் பொறுப்பு. ஆகவே தீ ஒத்திகையில் அவர் இல்லாமல் இருக்கக்கூடாது. இரவுப் பணியில் இருப்பவரும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். கணினியிலோ மின்பெட்டியிலோ தீ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு அணைப்பானை எடுத்து, அதன் கைப்பிடியில் உள்ள பின்னை இழுத்து, தீயின் அடிப்பாகத்தை நோக்கி இருபுறமும் வீசிப் பீய்ச்சுங்கள். சில நொடிகளில் அடங்கவில்லையென்றால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். அவசர வழியில் கேஸ் ஷீட்டுக் கட்டுகளையும் உடைந்த நாற்காலிகளையும் அடுக்கி வைத்திருந்தால் இன்றே அகற்றச் சொல்லுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். என் மேசை எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அறையின் சுவரும் கதவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி கட்டப்பட்டிருந்தால், கதவு மூடியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. எக்ஸ்ரே கருவியை நிறுத்திய கணமே கதிர் நின்றுவிடும். அறையிலோ படத்திலோ அது தங்குவதில்லை. பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). வெளியே உட்காருபவர் இதற்குள் இருக்கும்படியே தடுப்பு அமைக்கப்பட வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறந்து சீட்டு கொடுக்காதீர்கள். கதிரியக்க அயோடின் மருந்து உட்கொண்ட நோயாளிகள் வரும் பிரிவு மட்டும் வேறு. அங்கே கதிர் நோயாளியின் உடலிலிருந்தே வருவதால், கர்ப்ப காலத்தில் வேறு மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அம்மைக் காய்ச்சலோடு குழந்தைகள் வரும் கவுண்டரிலிருந்தும் விலகியிருப்பது நல்லது.

மாற்று ஆள் இல்லாததால் கழிப்பறைக்குக்கூடப் போக முடிவதில்லை.

இதைச் சிறிய குறையாக எண்ண வேண்டாம். போக முடியாது என்பதற்காகப் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்ப்பாதைத் தொற்றும், கோடையில் சிறுநீரகக் கல்லும் வருகின்றன. இரண்டு கவுண்டருக்கு ஒரு மாற்று ஆள் என்று நேர அட்டவணையிலேயே எழுதப்பட வேண்டும். "யாராவது பாத்துக்குங்க" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். நைட் டியூட்டி முடித்தவரை அன்று பகலிலேயே கூட்டத்துக்கு அழைப்பதும் நிறுத்தப்பட வேண்டும்.

நான் ஒப்பந்தப் பணியாளர். அடிபட்டால் யார் பொறுப்பு?

உங்கள் மருத்துவமனை ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்துக்குள் வந்து, உங்கள் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்களும் காப்பீட்டாளர்தான். ஒப்பந்தக்காரர் பணம் கட்டத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரான மருத்துவமனையே கட்ட வேண்டும். ஊதியத்தில் உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, வேலையளிப்பவர் பங்கு 3.25 விழுக்காடு. பணியில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்கு வர முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கும். வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இதில் அடங்கும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் உங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இல்லையென்றால் அதன் கிளை அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

சிறிய சம்பவங்களையும் எழுதித்தான் கொடுக்க வேண்டுமா?

ஆம். குத்தாமல் தப்பிய ஊசி, விழாமல் தப்பிய அடுக்கு, அடிக்காமல் திரும்பிப் போன கை ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர் யார் என்ற ஐந்தும் போதும். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் என்றால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலோ வலியோ வந்து, அது வேலையால் வந்தது என்று நிறுவ வேண்டிவந்தால், அந்த ஒரு தாள்தான் உங்களுக்குச் சாட்சி.